பத்தொன்பது அடி சீமெந்து

அந்த மண்டபத்தின் உள்நீளம் எழுபத்திரண்டு அடி. அகலம் முப்பத்தாறு. தரையிலிருந்து மரக்கூரையின் உச்சி வரை ஏறக்குறைய இருபத்தெட்டு. இந்த 'ஏறக்குறைய' இன்றும் என்னை உறுத்துகிறது. காவற்காரர் இரவல் வாங்கித் தந்த ஏணி உச்சியை எட்டவில்லை. இவற்றை நான் அளந்தது 1994 ஓகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல். நான்காவது அளவை எடுப்பதற்குள் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழன் கையில் அளவு நாடாவும் குறிப்புப் புத்தகமுமாகப் பொதுக் கட்டடமொன்றைச் சுற்றி வந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ரப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டத்தின் அலுவலகத்தில் நான் கிளாக்கர். அடையாள அட்டை சட்டைப் பையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரையும் போல எனக்கும் சிங்களம் சரளமாக வரும். ஆனால் அன்று சார்ஜன்ட்டிடம் நான் சொன்ன 'வரலாறு', 'சங்கீதம்' என்ற இரண்டு சொற்களும் அவருடைய சந்தேகத்தைக் கூட்டினவே தவிரக் குறைக்கவில்லை. வரலாறு எழுதுகிறவனுக்குச் சன்னலின் அகலம் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்போது எதிர்ப்பக்கத்து ஹாட்வெயார் கடையிலிருந்து அதன் முதலாளி வெற்றிலையை மென்றபடி தெருவைக் கடந்து வந்தார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, பஸாரில் எல்லோருக்கும் அவர் நானா. எனக்கு அதுவரை ஆணி வாங்கிய அளவுக்குத்தான் பழக்கம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சார்ஜன்ட்டின் தோளில் கை வைத்தார்.

"மாத்தயா, மேயா அபே கெனெக். பொத் பிஸ்ஸு."

இவர் நம்ம ஆள், புத்தகப் பைத்தியம். அவ்வளவுதான். சார்ஜன்ட் சிரித்துவிட்டார். நாடா அந்த இடத்திலேயே என் கைக்குத் திரும்பியது. குறிப்புப் புத்தகத்தை மட்டும் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை நானாவே பொலிஸுக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு தேநீர்க் கறை புதிதாக வந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கும். அன்றிலிருந்தே அவர்மேல் பொறாமையும் உண்டு. நான் இரண்டு ஆண்டுகளாகப் படித்துச் சேர்த்ததையெல்லாம் சொல்லியும் முடியாத ஒன்றை அவர் நாலு சொல்லில் முடித்துவிட்டார். இரண்டும் ஒரே நாளில் தொடங்கின என்பதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புளத்கொகுபிட்டியவுக்குப் போகும் பஸ் பாதையிலிருந்து பார்த்தால் பஸாருக்கு மேலே, மேட்டில், அதன் சிவப்புத் தகரக்கூரை தெரியும். சிங்களத்தில் சங்கீத சாலாவ, இசைக்கூடம். தோட்டத்துச் சனங்களுக்கு அது பியானோ பங்களா. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பாட்டுக் கச்சேரிகளுக்கும் நடனங்களுக்குமாகக் கட்டியது. எந்த ஆண்டு என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள்.

1992இல் தோட்டங்கள் புதிய கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது, எங்கள் அலுவலகத்தின் பழைய காகிதங்களைப் பின்பக்கம் குவித்து நெருப்பு வைத்தார்கள். நான் அந்தக் குவியலிலிருந்து ஒரு காகிதக் கட்டை இழுத்தெடுத்தேன். அதற்குள்தான் மண்டபத்தின் வரைபடம் இருந்தது. துணியில் ஒட்டிய தடித்த தாள், நீல மை. கீழ் மூலையில், திகதி இருக்க வேண்டிய இடத்தை மட்டும் கறையான் தின்றிருந்தது. மிச்சம் முழுவதும் அப்படியே இருந்தது. என் ட்ரங்குப் பெட்டியில் மூன்றாவது காகிதக் கோவைக்குள் அதை வைத்தேன். இந்த ஊர் முழுவதிலும் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அது அந்த வரைபடம்தான்.

கட்டடத்தின் முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. முன்னால் மூன்று வளைவுகள், கல்லைப் போலத் தோன்றும்படி சாந்து பூசிய தூண்கள், மேலே பூவேலை. உள்ளே போனால் வேறு கதை. கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் நிற்கும் அதே தூண்கள். சுவரின் மேல்பகுதியில் நெடுகிலும் சாய்த்துப் பொருத்திய மரப்பட்டிகள், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் காற்றுக்காக வைப்பவை. தொழிற்சாலை கட்டிய தச்சர்களே இதையும் கட்டியிருக்கிறார்கள். முகம் சீமையுடையது, உடம்பு தொழிற்சாலையுடையது. தரை முழுவதும் பலகை. பலகைக்குக் கீழே இரண்டரை அடி வெறும் வெளி. அந்த வெளியால்தான் காலடி வைத்தாலே மண்டபம் பதில் சொல்லும் என்பார்கள்.

வராந்தாவின் ஓரத்தில் ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. உயரம் பதினெட்டு அங்குலம். கச்சேரி நாட்களில் தோட்டத்திலிருந்து நாற்காலிகளைச் சுமந்து வந்தவர்கள், கச்சேரி முடிந்து நாற்காலிகளைத் திரும்பச் சுமக்கும் வரை அந்தச் சுவரில் உட்கார்ந்திருப்பார்கள். என் அப்பா அப்படி உட்கார்ந்தவர். உள்ளே ஒரு தடவையும் போகாமலே அந்த மண்டபத்தின் பாட்டுகள் அவருக்குத் தெரியும். விசிலடித்துக் காட்டுவார். எனக்குத்தான் ஒரு பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. என் காது அப்படி. மண்டபத்தின் வரலாறு அச்சில் வருமானால், அந்தக் குட்டைச் சுவரும் அதில் இருக்க வேண்டும், அதை எழுதுபவன் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று வெகு காலமாக மனதுக்குள் வைத்திருந்தேன்.

தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு அது கூட்டுறவுச் சங்கக்கடையின் அரிசிக் களஞ்சியமாக இருந்தது. பிறகு தேர்தலுக்கு மட்டும் திறந்தார்கள். பிறகு அதற்கும் இல்லை.

பொலிஸ் விவகாரத்துக்குப் பிறகு நானா எங்கள் குவாட்டர்ஸுக்கு வரத் தொடங்கினார். ஞாயிறு பின்னேரங்களில் வருவார். என் மனைவி தேநீர் கொடுப்பார். நானா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். புத்தகம் எதையும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ரேடியோவில் ஒரு பாட்டின் முதல் இழுப்பு வந்தவுடன் மிச்சத்தை அவர் பாடிவிடுவார். தேநீர்க் கோப்பையைச் சுண்டிப் பார்த்து, "இதுல கீறல் ஈக்கு" என்பார். இருக்கும். எனக்குத் தெரியாமல் எங்கள் அலுமாரியில் பதினோரு ஆண்டுகளாக இருந்த கீறல்.

ஒரு ஞாயிறு அவர் பியானோ வந்த கதையைச் சொன்னார். அதை ரம்புக்கனை ஸ்டேஷனில் இறக்கி, மாட்டு வண்டியில் மேட்டின் அடிவாரம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு மேல் மாடு ஏறவில்லை. பதினாறு பேர் தூக்கினார்களாம்.

"பதினாறு பேரும் ஒரே மாதிரி கால் வைப்பானா? ஒருத்தன் குட்டை, ஒருத்தன் நெட்டை. ஒவ்வொரு அடிக்கும் உள்ளுக்கு ஒரு கம்பி 'ணங்'குண்டு அடிக்குதாம். மேலுக்கு வந்து சேரக்குள்ள துரைக்கு விளங்கிட்டு, பியானோ வர முந்தியே அதுட பாட்டு வந்துட்டு எண்டு!"

மனைவி வாய்விட்டுச் சிரித்தார். நான், பதினாறு பேர் என்பதற்கு ஆதாரம் இல்லை, என் அப்பா பன்னிரண்டு என்று சொன்னார், எப்படியிருந்தாலும் பியானோவைப் பெட்டியில் அடைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள், சத்தம் வெளியே கேட்டிருக்காது என்றேன்.

"நானா சொன்னா கண்ணுல தெரியுதுங்க" என்றார் மனைவி. "நீங்க சொன்னா திகதிதான் தெரியுது."

இதை அவர் கேலியாகத்தான் சொன்னார். அந்த ஞாயிறு 1996 மே 19.

1998இல் எனக்கு ஒரு வெற்றி கிடைத்தது. மேடைக்கு அருகே ஒரு பலகை கழன்றிருப்பதாகக் காவற்காரர் சொன்னார். டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். கீழே, வெறும் தரையில், வரிசை வரிசையாகக் கோப்பைகள். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் பழைய மண் கோப்பைகள். எல்லாம் வாய் மேலே பார்க்க வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. 'உள்ளே காய்ந்த பால்' என்று எழுதிக்கொண்டேன். ரப்பர் தோட்டத்தில் வாழ்கிறவன் கோப்பைக்குள் வெள்ளையைக் கண்டால் வேறு எதை நினைப்பான்? பழைய கோப்பைகளைக் கழுவாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன்.

எதற்காக வைத்தார்கள் என்பதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. மிகப் பழைய நாடக அரங்குகளில் ஒலி திரும்பி எழுவதற்காகச் சாடிகளைப் புதைத்து வைத்தார்கள் என்று கேகாலை நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவன் சாடிக்குப் பதிலாகப் பால் கோப்பையை வைத்திருக்கிறான்! இதைவிட அழகான விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கட்டுரை எழுதினேன். ஒரு ஞாயிறு வாரமலரில் அரைப் பக்கத்தில், படத்தோடு வந்தது. சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினேன்.

நானா அதைச் சுவரோடு நின்று முழுவதும் வாசித்தார். அவர் முழுவதும் வாசித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

"நல்லா எழுதி ஈக்கு, கிளாக்கர். ஒண்டு கேக்கவா? சத்தத்தைத் திருப்புற கோப்பைண்டா வெறுமையா ஈக்க வேணுமே? ஒண்டைத் தட்டிப் பாத்தீங்களா?"

"புத்தகத்துல இருக்கு நானா" என்றேன்.

"அப்ப சரி."

எதையும் தட்டிப் பார்க்கவில்லை. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதோடு, இன்னொன்றையும் நான் செய்தேன். என் பெட்டியிலிருந்த வரைபடத்தில், பலகைத் தரைக்குக் கீழே, அத்திவாரச் சுவரில் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சிறு கட்டங்கள் வரையப்பட்டிருந்தன. காற்று வழிகள் என்று ஆங்கிலத்தில் எழுதியும் இருந்தது. கட்டடத்தில் அவற்றைக் காணவில்லை. சங்கக்கடைக் காலத்தில் எலி வராமல் கல்லும் சாந்தும் வைத்து அடைத்திருப்பார்கள். கட்டுரையில் நான் அவற்றைச் சொல்லவே இல்லை. பன்னிரண்டு இடத்தில் காற்றுப் போய் வரும் ஒரு வெளிக்குள் ஒலிச் சாடிகளின் கதை அவ்வளவு அழகாக நிற்கவில்லை.

2005இல் பிரதேச சபை மண்டபத்தைத் திருத்தித் திறப்பதென்று தீர்மானித்தது. திறப்பு விழா மலருக்கு மண்டபத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி சபைத் தலைவரான தவிசாளர் என்னைக் கேட்டார். தமிழில் எழுதுங்கள், சிங்களத்தில் பெயர்த்து இரண்டையும் போடுவோம் என்றார். பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்ததற்குக் கிடைத்தது. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் ஏறினால் அந்தச் சந்தோஷம் சீக்கிரம் முடிந்துவிடும் போலிருந்தது.

மார்ச் ஏழு, திங்கட்கிழமை காலை, தரையைப் பார்க்க எல்லோரும் கூடினோம். தவிசாளர், சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், எங்கள் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த நான்கு பேர், சாமான்கள் கொடுப்பவர் என்ற முறையில் நானா, வரலாற்றாசிரியர் என்ற முறையில் நான். பலகைகள் பல இடங்களில் பூஞ்சணம் பிடித்து மெத்தென்று இருந்தன. வேலையாட்கள் நான்கு பலகைகளைக் கழற்றினார்கள். கோப்பைகள் தெரிந்தன. இதுதான் நான் எழுதிய ஒலிக் கோப்பைகள் என்று தவிசாளருக்குச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினேன்.

நானா குனிந்து ஒரு கோப்பையை எடுத்தார். நகத்தால் வெள்ளையைச் சுரண்டினார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைக்கிற அதே விரலால் எடுத்து நாக்கில் வைத்தார்.

"காரம் போயிட்டு" என்றார். "ஆனா சுண்ணாம்புதான்."

நான் பால் என்றேன்.

"கிளாக்கர், இவ்வளவு காலத்துக்குப் பால் வெள்ளையா நிக்குமா? நீங்கதானே ரப்பர் தோட்டத்து ஆள்?"

பலகை கழற்றிக்கொண்டிருந்த எங்கள் தோட்டத்துக்காரர் ஒருவர் நிமிர்ந்தார். "ஆமாங்கையா. பாலுன்னா எப்பவோ கறுத்து ஒட்டுப்பாலா ஆயிருக்கும்ங்க. சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

மற்ற மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் தெரியும். காற்றுப்பட்ட பால் கறுக்கும் என்பது தெரியாமல் யாரும் ரப்பர் தோட்டத்தில் இருபது ஆண்டுகள் இருக்க முடியாது. தெரிந்ததை அன்று 1998இல் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நானா தவிசாளரின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் விளக்கினார். மழைக் காலத்தில் அவருடைய கடையில் ஆணிகள் துருப்பிடிக்காமல் இருக்க, ஆணி அறையில் நீற்றாத சுண்ணாம்பை டின்னில் வைப்பார்கள். அது ஈரத்தைக் குடித்துவிடும். இங்கேயும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை புதுச் சுண்ணாம்பு வைத்தால் போதும், தரை நிற்கும். மோசமான பலகைகளை மட்டும் மாற்றுங்கள் என்றார்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் தலையை ஆட்டினார். சுண்ணாம்பு மட்டும் போதாது, காற்று வேண்டும், இந்த அத்திவாரத்தில் ஒரு துளைகூட இல்லை, பலகை மறுபடியும் உளுத்துப்போகும். பலகையை எடுத்துவிட்டு மண் நிரப்பிச் சீமெந்து போடுவதுதான் வழி, வாசல் பக்கத்திலிருந்து நாளைக்கே தொடங்கலாம் என்றார்.

"காத்து வாற வழி எங்கயாவது ஈந்திருக்கும்" என்றார் நானா. பிறகு என்னைப் பார்த்தார். "கிளாக்கர், உங்ககிட்ட மண்டபத்துட பழைய பிளேன் ஒண்டு ஈக்கு எண்டு செல்லி ஈக்கிறீங்களே. அதுல பாத்தா தெரியும் தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டி, மூன்றாவது கோவை, இரண்டாக மடித்தது. எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

"தேடிப் பாக்கணும்" என்றேன்.

"நீங்களா? தேடவா?" நானா சிரித்தார். "போன வருஷத்து பஸ் டிக்கட்டுக்கும் திகதி எழுதி அடுக்கி வச்சிருக்கிற ஆளு!"

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்று தவிசாளர் சொன்னார். வேலை நாளைக்குத் தொடங்கும் என்பதை அவர் மாற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். பன்னிரண்டு கட்டங்களும் இருந்தன. எதிரே சுவரில் என் அரைப் பக்கம் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இதைக் கொண்டுபோனால் தரை நிற்கும். ஆனால் அரைப் பக்கம் பொய்யாகும். அது மட்டும் என்றால் நான் கொண்டுபோயிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிழையைத் திருத்துவது வரலாறு எழுதுகிறவனின் வேலை. எனக்குத் தாங்காதது வேறு. பதின்மூன்று ஆண்டுகள் அளந்து, படித்து, பிரதி எடுத்து நான் காணாததை, அந்த மனிதர் நாக்கால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அதை என் பெட்டியிலிருந்தே எடுத்து நான் நிரூபித்துக் கொடுக்க வேண்டுமா? மடித்து உள்ளே வைத்தேன்.

புதன்கிழமை பஸாரில் சீமெந்து மூட்டைகள் மேட்டுக்கு ஏறுவதைப் பார்த்தேன். நானாவின் கடை லொறியில்தான் ஏறின. அவர் கடை வாசலில் நின்று தன் சீமெந்து போவதை முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரம் நடக்கட்டும் என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு அவர்மேல் ஒரு குறையாவது கிடைத்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை. அவர் என்னைக் கண்டு கையை உயர்த்தினார். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல மறுபக்கம் பார்த்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது மனைவி தேநீரை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"நானா வந்தாரு. ஐயா பிளேனைத் தேடிக்கிட்டா இருக்காருன்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"ஆமா, ரெண்டு நாளா தேடிக்கிட்டுத்தான் இருக்காருன்னு சொன்னேன்." கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தார். "நேத்து நீங்க அத மேசையில விரிச்சு வச்சிருந்தப்ப நான்தாங்க விளக்கைக் கிட்டக்க நகத்தி வச்சேன். அந்த மனுசன் உங்களுக்காகப் பொலிஸுக்குப் போனவரு. அவரு மூஞ்சியப் பாத்து என்னைய பொய் சொல்ல வச்சிட்டீங்க."

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன்.

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வரைபடத்தோடு மேட்டில் ஏறினேன். வாசல் பக்கத்தில் பலகைகளை எடுத்து, மண் நிரப்பி, சீமெந்து போட்டு மட்டமடித்திருந்தார்கள். ஈரமாக மின்னியது. அதற்கு அப்பால் பலகை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரைபடத்தைச் சன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு வெளியே போய், வடக்குச் சுவரில் மேடைப் பக்கத்திலிருந்து ஒன்பதடி அளந்து, உளியை வைத்து அடிக்கச் சொன்னார். ஆறாவது அடியில் சாந்து பெயர்ந்தது. பத்தாவது அடியில் ஒரு கல் உள்ளே விழுந்தது. துளையிலிருந்து குளிர்ந்த, புளித்த வாடையுள்ள காற்று என் முழங்காலில் பட்டது.

தவிசாளருக்கு ஆள் போனது. வேலை நின்றது. நானா கடையைப் பையனிடம்கூட விடாமல் அப்படியே திறந்துபோட்டுவிட்டு ஓடி வந்தார். துளைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கூடியிருந்த எல்லோரிடமும் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார்:

"பாத்தீங்களா? கிளாக்கர் ஐயாதான் கண்டுபிடிச்சாரு! இந்த மனுசன் அந்தக் காகிதத்தை நெருப்புலயிருந்து இழுத்தெடுக்கல்லண்டா இண்டைக்கு இந்தத் தரை இல்ல! மூணு நாளா வீட்டைப் புரட்டித் தேடி ஈக்காரு!"

தவிசாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோட்டத்துக்காரர்கள் நால்வரும் கும்பிட்டார்கள். பொறாமை அன்று போயிருக்க வேண்டும் என்று யாரும் நினைக்கலாம். அன்றுதான் அது முற்றியது. கண்டுபிடித்ததையும் தூக்கி எனக்கே கொடுத்துவிட அவரால் முடிந்தது. அவ்வளவு இலேசாக. என்னால் ஒரு தாளைக் கொடுக்க மூன்று நாள் ஆனது.

கூட்டம் கலைந்த பின் நாடாவை எடுத்தேன். போட்டு முடித்த சீமெந்தை மறுபடியும் கிளறிப் பலகை போடுவதற்கு நேரம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். வாசற்படியிலிருந்து பலகை தொடங்கும் இடம் வரை பத்தொன்பது அடி.

மண்டபம் அடுத்த ஆண்டு தைமாதம் திறந்தது. பின்னேரம் நான்கு மணிக்கு, மூன்று பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் பாடினார்கள். நான் முதலிலேயே போய் ஓரத்தில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் வாசலில் நுழைந்து நடக்கும்போது செருப்புச் சத்தம் தெருவில் கேட்பதுபோலத் தட்டையாக இருந்தது. பத்தொன்பது அடியைக் கடந்து பலகையில் கால் வைத்தவுடன் அது மாறியது. ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்று கீழே பார்த்துவிட்டு, பிறகு தம்மை அறியாமலே கொஞ்சம் அழுத்தி நடந்தார்கள். நானூறு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவர் காலிலும் அந்த இடம் எனக்குக் கேட்டது. பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் தெரியாத என் காதுக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மலரில் என் வரலாறு எட்டுப் பக்கம் வந்தது. குட்டைச் சுவர் இருந்தது. நாற்காலி சுமந்தவர்கள் இருந்தார்கள். பியானோவைத் தூக்கியவர்கள் 'பன்னிரண்டு அல்லது பதினாறு பேர்' என்று எழுதியிருந்தேன். கோப்பைகள் சுண்ணாம்புக்கானவை என்றும், அதை முதலில் சொன்னவர் யார் என்றும், என் பழைய கட்டுரை பிழை என்றும் எழுதியிருந்தேன். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். தரையைப் பற்றி, 'முன்பகுதி சீமெந்தாலும் எஞ்சிய பகுதி பழைய பலகையாலும் அமைந்தது' என்று ஒரு வாக்கியம்.

மறுநாள் ஆணி வாங்கும் சாட்டில் கடைக்குப் போனேன். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மலரை விரித்து வைத்திருந்தார்.

"எல்லாம் ஈக்கு" என்றார். "எலி ஓட்டை அடைச்சதுக்கும் வருஷம் போட்டிருக்கீங்க. முன்னுக்குப் பத்தொன்பது அடிக்கு மட்டும் திகதி இல்லையே, கிளாக்கர்?"

"இடம் போதல நானா."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. தேநீர்க் கோப்பையைச் சுண்டிவிட்டுக் காத்திருக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அப்ப சரி" என்றார். ஆணியை நிறுத்துக் கொடுத்தார்.

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்டதில்லை. என் மனைவி சொல்லியிருக்க மாட்டார். புதன்கிழமை பஸ் நிறுத்தத்தில் மறுபக்கம் திரும்பியபோதே தெரிந்திருக்கலாம். தெரிந்துகொண்டுதான் மறுநாள் அத்தனை பேர் முன்னால் என்னைப் புகழ்ந்தாரா என்ற கேள்வியை என்னால் முடிக்க முடியவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பெருமழைக்கு முன், மே மாதத்தில் ஒரு நாள், கோப்பைகளுக்குப் புதுச் சுண்ணாம்பு வைக்கிறோம். சபை அந்த வேலையை எங்கள் இருவரிடமும் விட்டிருக்கிறது. 2009இல் வைத்தது நான்காவது தடவை. எத்தனை கோப்பை, எந்த வரிசை, எது உடைந்தது என்று நான் எழுதுகிறேன். நானா பலகைமேல் நடந்து, குதிகாலால் தட்டி, "இதுக்குக் கீழ ஒண்டு சரிஞ்சு கிடக்கு" என்பார். பலகையைக் கழற்றினால் சரிந்து கிடக்கும். அவர் எந்தச் சத்தத்தைக் கேட்கிறார் என்று நானும் அதே இடத்தில் தட்டிப் பார்க்கிறேன். எனக்குப் பலகை பலகையாகத்தான் கேட்கிறது. அப்போதெல்லாம் பழைய பொறாமை நெஞ்சில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

விடுபட்ட திகதி இது: 2005 மார்ச் 7, திங்கட்கிழமை முற்பகலிலிருந்து மார்ச் 10, வியாழக்கிழமை காலை வரை. காரணம், வரைபடம் என்னிடம் இருந்தது.